ஒற்றைக் கால் வீக்கம்

நம் பக்கத்தில் ஒருவருக்கு ஒரு கால் மட்டும் வீங்கினால் அதற்கு இரண்டே பெயர்கள் வழங்குகின்றன: ஒன்று சுளுக்கு, மற்றொன்று யானைக்கால். விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் யானைக்கால் நோய் நெடுங்காலம் இருந்துவந்தமையால் இவ்வெண்ணம் வேரூன்றிவிட்டது. சுளுக்கென்றால் எண்ணெய் இட்டு நீவுகிறோம். யானைக்கால் என்றால் விதியென்று இருந்துவிடுகிறோம். மூன்றாவது காரணம் ஒன்றுண்டு என்பதையும், அதில் நீவுதல் உயிருக்கே ஆபத்தாகக்கூடும் என்பதையும் அங்கத்தினர்கள் அறிதல் அவசியம்.

இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொணரும் குழாய்க்குச் சிரை என்று பெயர். காலின் ஆழத்திலுள்ள சிரையில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்வதே இந்நோய். கெண்டைக்கால் வீங்கும், வலிக்கும், தொட்டால் சுடும். உறைகட்டியின் துணுக்கொன்று பெயர்ந்து நுரையீரலை அடையுமாயின் திடீரென மூச்சுத் திணறும். சிலர் அன்றே மாள்வதும் உண்டு.

இது மேனாட்டார் நோய் என்று நம் மருத்துவர்களிலேயே பலர் ஒரு காலத்தில் கருதினர். அங்கே ஆண்டுதோறும் ஆயிரம் பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ வருகிறது. ஆனால் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 1996 முதல் 2005 வரை எடுத்த கணக்கில், 10,000 உள்நோயாளிகளுக்குச் சுமார் 17 பேரிடம் கால் சிரை உறைவு காணப்பட்டது. தேடாதவரை இல்லாத நோயாகத் தோன்றியது, அவ்வளவே.

அறுவைச் சிகிச்சை, எலும்பு முறிவு, புற்றுநோய், பிரசவம் ஆகியவற்றையொட்டி இது மிகுதியாக வரும். பிள்ளை பெற்றவளை எழுந்து நடமாட விடாமல் கிடத்திவைக்கும் வழக்கத்தை நம் வீட்டுப் பெரியவர்கள் கைவிடுதல் நலம். குழித்தறியைக் குறை கூறுவதற்கில்லை. மிதிக்கும் கால் அசைந்துகொண்டே இருக்கிறதல்லவா?

சிகிச்சையின் கதை விவசாயிகளுக்குச் சுவையானது. 1920களில் அமெரிக்காவிலும் கனடாவிலும், பூசணம் பிடித்த ஒருவகைத் தீவனத்தைத் தின்ற மாடுகள் இரத்தம் ஒழுகி மாண்டன. அத்தீவனத்தின் நஞ்சை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் லிங்க் என்பவரின் குழுவினர் கண்டறிந்தனர். அதன் வழிவந்த வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்து, 1954இல் மனிதர்க்கும் மருந்தாயிற்று. இன்று டாப்ளர் ஸ்கேன் மூலம் நோயை உறுதி செய்து, ஹெப்பாரின் ஊசியிட்டு, பின்னர் மாத்திரை தருகின்றனர். கருவுற்றவர்க்கு ஊசியே உகந்தது. வார்ஃபரின் உண்போர் அடிக்கடி இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளவேண்டும். கீரையை ஒருநாள் மிகுத்தும் ஒருநாள் நீக்கியும் உண்ணலாகாது. அபிக்சபான் முதலிய புது மாத்திரைகளுக்கு இத்தொல்லை குறைவு.

மருந்தைக் குறைந்தது மூன்று மாதம் உண்ணவேண்டும். இடர்ப்பாடு இங்கேதான் நேர்கிறது. சில வாரங்களில் வீக்கம் வடிந்ததும், கூலி நெய்யும் அங்கத்தினர் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ மீண்டும் செல்வதில்லை. ஒருநாள் பரிசோதனையென்றால் ஒருநாள் தறி நிற்கும், பேருந்துச் செலவு வேறு. இதை அவருடைய அலட்சியம் என்று கூறிவிடுதல் எளிது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. சங்கங்களின் பொதுநல நிதியைக் கல்விக்கும் ஈமச்செலவுக்கும் ஒதுக்குகிறோம். மருத்துவர் சீட்டைக் காட்டும் அங்கத்தினர்க்குப் பரிசோதனை நாளின் கூலியையும் பயணச் செலவையும் அந்நிதியிலிருந்தே அளிக்கலாம். வரும் பேரவைக் கூட்டத்தில் இதனைத் தீர்மானமாகக் கொணர நிர்வாகக் குழுவினர் முன்வரவேண்டும்.