ஒரு மாங்கா, ஒரு வைக்கோல், ரெண்டு கறவை மாடு

மாங்கா படிச்சிட்டிருக்கேன்னு சொன்னதும் வீட்டுக்காரம்மா சிரிச்சாங்க. "மாங்காயைப் பறிப்பாங்க, ஊறுகா போடுவாங்க. படிக்கவுமா செய்வாங்க?"

சென்னையில வேலை பார்க்குற அக்கா மகன் லீவுக்கு வந்தப்போ விட்டுட்டுப் போன ஜப்பான் படக்கதை அது. "மாமா, இது உங்க கதைதான், படிங்க"ன்னான். வலது பக்கத்துல ஆரம்பிச்சு இடது பக்கமா படிக்கணும். பழக ரெண்டு நாள் ஆச்சு. ராத்திரி மும்முனை கரண்ட் வர்ற வரைக்கும் மோட்டார் ரூம்ல உட்கார்ந்து படிக்கிறேன்.

பேரு 'சில்வர் ஸ்பூன்'. வரைஞ்சவங்க ஹிரோமு அரகாவா. ஹொக்கைடோவுல பால் பண்ணையில வளர்ந்தவங்க. அந்த அனுபவம் பக்கத்துக்குப் பக்கம் தெரியுது. 2011ல தொடங்கி 2019 வரைக்கும் தொடரா வந்திருக்கு. மொத்தம் 15 புத்தகம், நான் பாதி தாண்டியிருக்கேன்.

ஹச்சிகென்னு ஒரு நகரத்துப் பையன். படிப்பு, மார்க், அப்பாவோட கெடுபிடி எல்லாத்துலயும் வெறுத்துப் போயி விவசாயப் பள்ளிக்கூடத்து ஹாஸ்டல்ல சேர்றான். அங்க ஒரு நோஞ்சான் பன்னிக்குட்டி மேல பாசம் வைக்கிறான். "வெட்டுக்குப் போறதுக்குப் பேரு வைக்காத"ன்னு மத்தவங்க தடுக்குறாங்க. இவன் பேரு வைக்கிறான். வளர்ந்ததும் அது வெட்டுக்குப் போகுது. லீவுல வேலை செஞ்சு சம்பாதிச்ச காசுல அந்தக் கறியை அவனே வாங்குறான். கிடாய்க்குட்டிக்குப் பேரு வைக்காதன்னு எங்க அப்பாவும் சொல்வார். நானும் வைப்பேன்.

ஆனா என்னை உலுக்கினது பன்னி இல்லீங்க. கொமாபான்னு இன்னொரு பையன். பேஸ்பால்ல பெரிய ஆளாகி வீட்டுப் பண்ணையைக் காப்பாத்தணும்னு கனவு. கடன்ல பண்ணை மூழ்குது, அவன் பள்ளிக்கூடத்தை விட்டே போறான். அந்தக் கடனுக்கு ஜாமீன் நின்ன பக்கத்து வீட்டுக்காரங்க தங்களோட குதிரைகளை விக்கிறாங்க.

அந்த இடத்துல புத்தகத்தை மூடி வச்சிட்டேன். பங்காளி ஒருத்தர் கடனுக்கு நானும் ஜாமீன் கையெழுத்துப் போட்டவன். மழை ஏமாத்துச்சு, அவரால கட்ட முடியல. என் கறவை மாடு ரெண்டை வித்தேன். அவர் மேல கோவம் இல்ல. நாளைக்கு எனக்குன்னா அவர்தான் வந்து கையெழுத்துப் போடுவார். இதை ஹொக்கைடோவுல இருந்து ஒருத்தங்க வரைஞ்சு காட்டுவாங்கன்னு நினைக்கல.

கூடவே மறுபடியும் எடுத்திருக்குறது மசானோபு ஃபுகோகாவோட 'ஒற்றை வைக்கோல் புரட்சி'. என்னைப் பார்க்க வர்ற நகரத்து நண்பர்கள் பாதிப் பேர் கையில இருக்குற புத்தகம். உழ வேண்டாம், உரம் வேண்டாம், மருந்து வேண்டாம், களை எடுக்க வேண்டாம்னு சொன்ன மனுஷன். எனக்கு அவர் மேல பெரிய மரியாதை உண்டு. வைக்கோலை எரிக்காம வயல்லயே பரப்பக் கத்துக்கிட்டது அவர்கிட்டதான்.

ஆனா அதே புத்தகத்துல, அப்பாவோட ஆரஞ்சுத் தோட்டத்தை வெட்டாம கொள்ளாம விட்டதுல மரங்கள் பட்டுப்போனதையும் அவரே மறைக்காம எழுதியிருக்கார். அந்தப் பக்கத்தைப் பத்தி என்கிட்ட பேசினவங்க ரொம்பக் கம்மி. "நீங்க ஏன் முழுசா மாறக் கூடாது?"ன்னு மட்டும் கேக்குறாங்க. மாறலாம். மாறுற அந்த மூணு வருஷம் விளைச்சல் குறைஞ்சா, சங்கத்துக் கடனை யார் கட்டுறது? அதைச் சேர்த்துக் கேட்டா நல்லாருக்கும்.

விவசாயத்தைப் பத்திப் படிக்க ஆசைப்படுற நகரத்து நண்பர்களுக்கு என் யோசனை இதுதான். ரெண்டையும் சேர்த்துப் படிங்க. ஃபுகோகா மண்ணைச் சொல்றார், அரகாவா கடன் நோட்டைச் சொல்றாங்க. ஒண்ணு இல்லாம இன்னொண்ணு பாதிக் கதைதான்.

படக்கதைதானேன்னு வேகமா புரட்டிடாதீங்க. கொமாபா போற இடம் வந்தா கொஞ்சம் நில்லுங்க. அடுத்த தடவை எங்க பக்கம் வரும்போது விளைச்சலை விசாரிக்குறதோட, கடன் எவ்வளவு நிக்குதுன்னும் கேளுங்க. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்.

கரண்ட் வந்துடுச்சு. மோட்டார் போடணும்.