திறவுகோல் யார் கையில்?

கைப்பேசியை விலைகொடுத்து வாங்கியவர் அதற்கு உரியவரா? இல்லை என்கின்றது அதன் உள்ளமைப்பு!

1969-இல் அமெரிக்கப் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் தென்னிசு இரிட்சியும் தொடங்கிய யூனிக்சு முறையில், கருவிகளும் கோப்புகளைப் போலவே பெயர் பெற்று நிற்கும். அப்பெயர்களே கருவிக்கணுக்கள். கணுவினுள் தரவு ஏதுமில்லை. கருவியின் வகையும், முதலெண் துணையெண் என்னும் ஈரெண்களுமே உள. அவற்றைக் கொண்டே இயங்குதளத்தின் கரு உரிய இயக்கியை அழைக்கும். இலினக்சில் 1, 3 என்பது வெறுமைக்கணு. அதில் எழுதுவன யாவும் மறையும்.

இலினக்சுக் கருவின்மேல் எழுந்த ஆண்டிராய்டிலும் இவ்வமைப்பே. ஒவ்வொரு கணுவையும் படிப்பார் யார், எழுதுவார் யார் என்னும் இசைவு வரையறுக்கப்பட்டுள்ளது. கண்ட செயலியெல்லாம் ஒளிப்படக் கருவியை நேரே தொடாவாறு காக்கும் இக்காவல் வேண்டுவதே, யாம் மறுக்கவில்லை. ஆனால், கணுக்கள் அனைத்தையும் ஆளும் 'வேர்' என்னும் தலைமையுரிமையை, வாங்கியவர்க்கே பல நிறுவனங்கள் மறுக்கின்றனவே, இதுவும் காவலா? வீட்டுக்குப் பூட்டு வேண்டும். திறவுகோல் கொல்லனிடமே இருத்தல் முறையோ?

"அறியாதார் கெடுத்துவிடுவர்" என்பர். அறியாமைக்கு மருந்து கற்பித்தலேயன்றி உரிமை பறித்தல் அன்று.

கணுவைக் கற்பீர்! உரிமையைக் கேட்பீர்!