உரிமையைக் கேளாதிருப்பது பொறுமை ஆகாது



பிரிட்டனில் வாழும் நம் குடும்பங்களில் மின்சார, எரிவாயு நிறுவனத்தை ஒருமுறையேனும் மாற்றாதவர்கள் குறைவு. மாறிச் சென்றபின் பழைய நிறுவனத்தின் கணக்கில் நம் பணம் மிஞ்சி நிற்பதும், அது மாதக்கணக்கில் வந்து சேராதிருப்பதும் பலருக்குப் பழகிப்போன செய்தி. அதுபற்றிப் பேச்சு எழும்போது நம்மவர் பலர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "போகட்டும், சபூர் செய்வோம், அல்லாஹ் வேறு வழியில் தருவான்." கேட்பதற்கு மார்க்கப் பற்றைப் போலத் தோன்றும் இந்தப் பதில், பெரும்பாலும் சோம்பலுக்கும் தயக்கத்துக்கும் நாம் போர்த்திவிடும் போர்வையே.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்ப்போம். டைரக்ட் டெபிட் முறையில், ஆண்டு முழுவதற்கும் ஆகக்கூடிய செலவை நிறுவனம் மதிப்பிட்டு, அதைப் பன்னிரண்டாகப் பகிர்ந்து மாதந்தோறும் ஒரே தொகையை எடுத்துக்கொள்கிறது. ஹீட்டர் ஓடாத கோடையில் நாம் பயன்படுத்துவதைவிட அதிகம் செலுத்துகிறோம். அந்த மிகுதி குளிர்காலத்துக்கென்று கணக்கில் சேர்கிறது. செப்டம்பரில் ஒரு குடும்பம் நிறுவனத்தை மாற்றினால், எந்தக் குளிர்காலத்துக்காகப் பணம் சேர்ந்ததோ அந்தக் குளிர்காலம் பழைய நிறுவனத்திடம் வரப்போவதே இல்லை. எனவே இறுதிக் கணக்கு போக மிஞ்சியது முழுவதும் நமக்குத் திரும்ப வேண்டியது. அது சலுகையன்று, அன்பளிப்புமன்று. நிறுவனத்தின் கையில் அது அமானிதம். கெடு கடந்துவிட்டால் அது கடன்.

கடனைப் பற்றி நம் மார்க்கம் மௌனம் காக்கவில்லை. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமே, கடனை எழுதிவைத்துக்கொள்ள வழிகாட்டும் வசனம்தான். சிரமத்தில் இருக்கும் கடனாளிக்கு அவகாசம் கொடுக்கச் சொன்ன அதே மார்க்கம், வசதியிருந்தும் இழுத்தடிப்பவரின் செயலை அநீதி என்றே வகைப்படுத்தியது. கோடிக்கணக்கில் வரவு செலவு செய்யும் நிறுவனம் இவ்விரண்டில் எந்தப் பிரிவில் சேரும் என்பதைச் சொல்ல ஆலிம் தேவையில்லை.

பெருமானார் (ஸல்) அவர்களிடம் ஒருவர் வந்து, தமக்குத் தரவேண்டிய ஒட்டகத்தைக் கேட்டுக் கடுமையாகப் பேசிய நிகழ்ச்சி புகாரியில் பதிவாகியுள்ளது. தோழர்கள் சினந்து அவரை நெருங்கியபோது, உரிமை உடையவருக்குப் பேசுவதற்கு இடமுண்டு என்று கூறி அண்ணலார் அவர்களைத் தடுத்தார்கள். அவருக்கு உரியதைவிடச் சிறந்த ஒட்டகத்தையே கொடுக்கவும் செய்தார்கள். அகிலத்தின் அருட்கொடையிடமே ஒருவர் தம் உரிமையைக் கேட்கலாம் என்றால், ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவிடம் நாம் கேட்பது எப்படிப் பேராசையாகும்? கேட்கும் முறையில் கண்ணியம் வேண்டும் என்பது சரி. கேட்கவே கூடாது என்பது எங்கிருந்து வந்தது?

நாட்டின் விதியும் நம் பக்கமே நிற்கிறது. ஆஃப்ஜெம் என்னும் ஒழுங்குமுறை அமைப்பின் விதிப்படி, நாம் மாறிய நாளிலிருந்து 6 வாரங்களுக்குள் பழைய நிறுவனம் இறுதிப் பில்லை அனுப்ப வேண்டும். அதை அனுப்பிய 10 வேலை நாட்களுக்குள் மீதித் தொகையைத் திருப்பித் தர வேண்டும். தவறினால் இழப்பீடும் தர வேண்டும். 30 பவுண்டாக இருந்த அந்த இழப்பீடு 2025 ஜனவரியிலிருந்து 40 பவுண்டு. நாம் மனுப் போடாமலே வந்து சேரவேண்டிய தொகை இது.

வரவில்லை என்றால், தொலைபேசியில் காத்திருந்து சலித்துப்போவதோடு நிறுத்திவிடாதீர்கள். மின்னஞ்சலிலோ கடிதத்திலோ, "இது முறையான புகார்" என்ற சொற்களோடு எழுதுங்கள். கணக்கு எண், மாறிய தேதி, அன்றைய மீட்டர் அளவு, வரவேண்டிய தொகை ஆகிய நான்கும் அதில் இருக்கட்டும். மீட்டரைத் தேதியோடு படம் எடுத்து வைத்திருந்தால், ஊக அளவின்பேரில் போடப்படும் இறுதிப் பில்லை எளிதில் மறுக்கலாம். 8 வாரங்களில் தீர்வு கிடைக்காவிட்டாலோ, இனிச் செய்வதற்கில்லை என்று நிறுவனமே எழுத்தில் கைவிரித்தாலோ, எனர்ஜி ஆம்பட்ஸ்மனிடம் செல்லலாம். கட்டணம் கிடையாது. அங்கு வழங்கப்படும் முடிவை நாம் ஏற்றுக்கொண்டால் நிறுவனம் அதற்குக் கட்டுப்பட்டாக வேண்டும். ஆங்கிலத்தில் எழுதத் தயங்கும் பெரியவர்களுக்கு, படித்த பிள்ளைகள் அரை மணி நேரம் ஒதுக்கி எழுதிக் கொடுப்பதும் நன்மையான காரியம்தான்.

"எண்பது பவுண்டுக்கு இவ்வளவு அலைச்சலா?" என்பார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு இலட்சம் பேரிடம் தலைக்கு 50 பவுண்டு தங்கிவிட்டால், அது 50 இலட்சம் பவுண்டு. ஒவ்வொருவரும் அற்பம் என்று விட்டது ஓரிடத்தில் சேரும்போது அற்பமாக இருப்பதில்லை. 2021-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அடுத்தடுத்து மூழ்கின. வாடிக்கையாளர்களின் முன்பணத்தையே முதலீடுபோலப் புழங்கிய நிறுவனங்களும் உண்டு என்பது அப்போது வெளிப்பட்டது. வாடிக்கையாளர்களின் மீதித் தொகை பாதுகாக்கப்பட்டது. ஆனால் அவர்களை வேறு நிறுவனங்களுக்கு மாற்றிய செலவு, கடைசியில் எல்லார் பில்லிலும் ஏறியது. ஆகவே மௌனமாக விட்டுக்கொடுப்பதால் இழப்பு நம் ஒருவரோடு நிற்பதில்லை.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். வாப்பா மவுத்தாகி அவர் பெயரிலிருந்த கணக்கை மூடும்போது மிஞ்சும் தொகை, அவர் விட்டுச் சென்ற சொத்தில் அடங்கும். அதில் உம்மாவுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் பங்கு உண்டு. "போகட்டும்" என்று சொல்ல மூத்த மகனுக்குத் தம் பங்கில் மட்டுமே உரிமை. அடுத்தவர் பங்கை அவர்களைக் கேளாமல் கைவிடுவதற்குத் தாராள மனம் என்று பெயரில்லை.

சிலருக்கு உண்மையான ஐயம் ஒன்று எழுகிறது: தாமதத்துக்காகத் தரப்படும் 40 பவுண்டு வட்டியாகிவிடாதா? இந்தத் தொகை, வரவேண்டிய பணம் பத்துப் பவுண்டானாலும் ஐந்நூறு பவுண்டானாலும் மாறுவதில்லை, நாள்தோறும் வளர்வதுமில்லை. கடமை தவறியதற்கு விதிக்கப்பட்ட நிலையான இழப்பீடு இது என்றே நான் கருதுகிறேன். மனம் உறுத்துகிறவர்கள் தம் பகுதி ஆலிமிடம் கேட்டுத் தெளியட்டும். சிறுதொகை வழக்காக நீதிமன்றம் சென்றால் வட்டி கோரவும் படிவத்தில் இடமுண்டு. அதைக் கோருவது கட்டாயமில்லை, விட்டுவிடலாம். ஆனால் இழப்பீட்டைப் பற்றிய ஐயத்தைக் காரணம் காட்டி அசலையே கைவிடுவதற்குப் பேணுதல் என்று பெயர் சூட்டாதீர்கள்.

இந்த வாதம் நம்மையும் கட்டுப்படுத்தும். தமக்கு வாங்கும்போது நிறைய அளந்து, பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்பவர்களை எச்சரித்து ஓர் அத்தியாயமே இறங்கியுள்ளது: அல் முதஃப்பிஃபீன். மீட்டரும் ஓர் அளவைதான். மாறும் நாளில் மீட்டர் அளவைக் குறைத்துச் சொல்பவருக்கும், தவறுதலாக அதிகம் வந்த பணத்தைத் திருப்பாதவருக்கும் அந்த எச்சரிக்கையில் பங்கு உண்டு. பழைய நிறுவனத்துக்கு நாம் தரவேண்டியது இருந்தால், அதைக் கேட்கும் முன்பே தருவோம். அப்போதுதான் நமக்கு உரியதைக் கேட்கும் குரலில் வலிமை இருக்கும்.

செய்ய வேண்டியதைச் செய்து, எழுத வேண்டியதை எழுதி, பதிலுக்குக் காத்திருக்கும் அந்த 8 வாரங்களில் கோபப்படாமல், பொய் சொல்லாமல், தளராமல் நிற்பதே பொறுமை. ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருப்பதற்கு அந்த உயர்ந்த சொல்லைக் கடன் கொடுக்காதீர்கள்.

பிறர் உரிமையை உண்ணாதவர்களாகவும், நம் உரிமையைக் கண்ணியத்தோடு கேட்டுப் பெறுபவர்களாகவும் வல்ல ரஹ்மான் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.