முதல் பனியை நம்பலாமா?

தமிழ்ப்பள்ளியில் ‘பனி’ என்றால் எனக்குப் புல்நுனித் துளிதான். இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகே, மலாயில் ‘எம்புன்’ வேறு, ‘சல்ஜி’ வேறு என்று அறிந்தேன். இன்று அந்தச் சல்ஜி என்னை அச்சுறுத்துகிறது. கொலராடோவில் மேற்படிப்பு படிக்கும் என் அண்ணன், பருவத்தின் முதல் பனியிலேயே காட்டுமலைச் சரிவில் சறுக்கப் போகிறாராம். “பனி கொஞ்சம்தானே, பயமில்லை” என்கிறார்.

அது தவறு. அக்டோபர், நவம்பரில் விழும் மெல்லிய பனி, தரையின் வெப்பத்துக்கும் இரவுக் குளிருக்கும் இடையில் சிக்கி, நாளடைவில் சர்க்கரைபோல் உதிரியாகிவிடும். வெயில் படாத வடக்குச் சரிவுகளில் அது நெடுநாள் கிடக்கும். அதன்மேல் புதுப்பனி பாளமாகப் படிந்தபின், 30 பாகைக்கு மேற்பட்ட சரிவில் ஒருவரின் எடையே போதும். பாளம் பெயர்ந்து இழுத்துச் செல்லும். ஆழம் குறைவு என்பதால் பாறைகளில் மோதும் ஆபத்தும் கூடுதல்.

கொலராடோ பனிச்சரிவுத் தகவல் மையத்தின் முன்னறிவிப்பைப் படிப்பதும், சரிவின் கோணத்தை அளப்பதும், ஒருவர்பின் ஒருவராகக் கடப்பதும், ஐயம் வந்தால் திரும்பிவிடுவதும் கோழைத்தனமல்ல.

நண்பர்களே, குளிர்நாடுகளுக்குப் படிக்கச் செல்லும் நாம், மேலே தெரியும் வெண்மையில் மயங்காமல் அடியில் என்ன இருக்கிறது என்று கேட்கப் பழகுவோம். அண்ணனுக்கும் இதையே எழுதியிருக்கிறேன். பதிலுக்குக் காத்திருக்கிறேன்.