காவற்காரன் கோபம்

சென்ற வாரம் அன்னவாசல் கடைத்தெருவில் தகப்பனார் ஒருவர் நம்மை வழிமறித்தார். "பையனுக்கு ஜுரம் விட்டு இரண்டு வருஷம் ஆகிறது, ஐயா. கை நடுக்கம் மட்டும் ஏன் விடவில்லை?" என்று கேட்டார்.

பையன் நம்மிடம் படித்தவன், கணக்கில் சூரன். மூளைக் காய்ச்சலில் பதினைந்து நாள் நினைவிழந்து கிடந்து எழுந்தான். இப்போது பதினாறாம் வாய்பாடு பாதி வழியில் நின்றுவிடுகிறது. அவனுக்கு வந்த காய்ச்சல் எக்கிருமியால் வந்ததென்று வைத்தியர்களால் தீர்மானிக்க இயலவில்லை. ஆயினும் மூளைக் காய்ச்சல்களுள் ஒன்றைப் பொறுத்தவரை அக்கேள்விக்கு விஞ்ஞானம் ஓரளவு விடை கூறுகிறது.

அதற்கு ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று பெயர். பெயர்தான் ஜப்பான், இந்தியாவில் அது முதன்முதலாக இனங்காணப்பட்டது 1955-ஆம் ஆண்டில், நம் வேலூர்ப் பக்கத்திலேதான். கொக்கு, மடையான் முதலிய பறவைகளிடத்தும் பன்றிகளிடத்தும் வாழும் கிருமியை, நெல் வயலில் தேங்கிய நீரில் பிறக்கும் க்யூலெக்ஸ் கொசு மனிதனிடம் கொண்டு வருகிறது. கிருமி புகுந்தவர்களுள் சுமார் 250 பேரில் ஒருவருக்கே நோய் முற்றுகிறது. அப்படி முற்றியவர்களுள் நூற்றுக்கு முப்பது பேர் வரை மாண்டுபோகின்றனர். பிழைத்தவர்களிலும் நூற்றுக்கு முப்பது முதல் ஐம்பது பேர் வரை ஏதேனும் குறையோடு வாழ்கின்றனர்.

இக்குறைக்குக் கிருமி மட்டுமா காரணம்? இல்லை என்கின்றனர் ஆராய்ச்சியாளர். மூளைக்கென்று தனிக் காவற்படை ஒன்று உண்டு. ஸ்பெயின் தேசத்து ரியோ ஹோர்த்தேகா என்பவர் 1919-இல் வெள்ளிச் சாயமேற்றி அவ்வணுக்களைப் பிரித்தறிந்து, மைக்ரோக்லியா எனப் பெயரிட்டார். சிசு கருவிலிருக்கும்போதே மூளையில் குடியேறி, ஆயுள் முழுவதும் அங்கேயே ரோந்து சுற்றுபவை அவை. செத்த அணுக்களை விழுங்கும். வேண்டாத நரம்பு இணைப்புகளைக் கத்தரிக்கும். பகைவனைக் கண்டால் உருவம் மாறிப் பொங்கி எழும்.

அந்தக் கோபத்திலேதான் ஆபத்து இருக்கிறது. மானேஸரிலுள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தில் அனிர்பன் பாஸு குழுவினர் இக்காய்ச்சலையே ஆராய்ந்து, பொங்கியெழுந்த மைக்ரோக்லியா கக்கும் அழற்சிப் பொருள்களால் நரம்பணுக்களும் மடிவதை 2007-இல் வெளியிட்டனர். திருடனை விரட்டத் தீவட்டி எடுத்தவன் கூரையையும் கொளுத்திய கதைதான்! மறதி நோயிலும் நடுக்குவாத நோயிலும்கூட இவ்வணுக்களுக்குப் பங்குண்டு என்று இப்போது கருதுகின்றனர்.

காவற்காரனைச் சற்று அமர்த்தினால் என்ன? மினோஸைக்ளின் என்னும் பழைய மருந்து எலிகளை இக்காய்ச்சலிலிருந்து காத்தது. உடனே நாமும் குதூகலித்திருப்போம். ஆனால் லக்னோவில் மூளைக் காய்ச்சல் நோயாளிகள் 281 பேரை வைத்துச் செய்த சோதனையின் முடிவு 2016-இல் வந்தது. மருந்து மரணத்தைக் குறைத்ததென்று ஐயமற நிறுவ இயலவில்லை. எலி வேறு, மனிதர் வேறு. காவலை அடியோடு அடக்கினால் கிருமிக்குக் கதவு திறந்தாற்போலாகும் என்ற சங்கடமும் இருக்கிறது.

ஆகவே, கிருமி மூளையை எட்டுமுன் தடுப்பதே இன்று கைகண்ட வழி. இந்நோய் பரவும் ஜில்லாக்களில் குழந்தைக்கு ஒன்பதாம் மாதம் தொடங்கி ஒரு முறையும், பதினாறாம் மாதத்துக்குப் பின் மறுமுறையும் அரசாங்கமே ஊசி போடுகிறது.

இவற்றையெல்லாம் சுருக்கிச் சொன்னோம். தகப்பனார் பொறுமையாகக் கேட்டார். "அப்படியானால் இவன் கை?" என்றார்.

பயிற்சியால் கொஞ்சம் தேறலாம் என்றோம். அதற்கு மேல் சொல்லத் துணிவு வரவில்லை. சற்று நேரம் நின்றவர், "வீட்டில் எட்டு மாதத்துக் கைக்குழந்தை ஒன்று இருக்கிறது" என்றார். நம் ஜில்லாவில் அந்த ஊசி உண்டா என்று கேட்டுவர, இருவருமாக ஆரம்ப சுகாதார நிலையத்தை நோக்கி நடந்தோம்.