எரிமலைச் சாம்பல்: தப்பு கணினி மாடலிலா, அதற்குக் கொடுத்த எண்ணிலா?

2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தின் எய்யாஃபியாட்லயோகுட்ல் எரிமலை வெடித்தது ஞாபகம் இருக்கா? (பெயரை உச்சரிக்க முடியாமல் உலகமே திணறியது தனிக்கதை.) ஒரே வாரத்தில் சுமார் 1 லட்சம் விமானங்கள் ரத்து. ஐரோப்பாவுக்கு அனுப்பவிருந்த பூக்கள் கென்யாவில் குப்பைக்குப் போயின. கம்ப்யூட்டர் மாடலை நம்பி வானத்தையே மூடலாமா என்று விமான நிறுவனங்கள் கொதித்தன. கோபம் நியாயம்தான். ஆனா, திட்டு வாங்க வேண்டியது மாடல் இல்லை.

லண்டன் சாம்பல் ஆலோசனை மையம் பயன்படுத்திய 'நேம்' மாடல், கற்பனைத் துகள்களைக் காற்றில் விட்டு, அவை எங்கே போகும், எங்கே படியும் எனக் கணக்கிடும். காற்றின் போக்கை ஓரளவு நன்றாகவே கணிக்கலாம். எரிமலை வாயிலிருந்து நொடிக்கு எத்தனை டன் சாம்பல் வருது என்பதுதான் சிக்கல். நேரடியா அளக்க வழியில்லாததால், புகைத்தூணின் உயரத்தை வைத்து மதிப்பிடுகிறார்கள். தூண் மேலே போகப்போக, சுற்றியுள்ள குளிர்ந்த காற்றை உள்ளே இழுத்து வேகம் குறையும். அதனால் கொஞ்சம் கூடுதல் உயரத்துக்கே ஏகப்பட்ட சாம்பல் தேவை. உயரம் இரட்டிப்பானால் சாம்பல் வெளியேறும் வேகம் சுமார் 16 மடங்கு. உயரத்தை 20 சதவீதம் கூட்டிச் சொல்லிட்டா, சாம்பல் கணக்கு இரண்டு மடங்காயிடும்!

அப்போது ஐஸ்லாந்தில் இருந்தது ஒரே வானிலை ராடார், அதுவும் சுமார் 155 கி.மீ. தள்ளி. தாழ்வான புகை அதன் கண்ணிலேயே படாது.

1982-ல் இந்தோனேசியாவின் கலுங்குங் சாம்பலில் சிக்கிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தின் 4 இன்ஜின்களும் நின்றுபோயின. அதனால் 'சாம்பல் இருந்தால் பறக்காதே' என்பதே விதியாக இருந்தது. 2010 நெருக்கடியில்தான் கன மீட்டருக்கு 2 மில்லிகிராம் வரை பறக்கலாம் என்றார்கள். பிறகு அது 4 ஆனது. மாடலில் எது ரொம்ப பலவீனமான எண்ணோ, அதன் மேலேயே முடிவை ஏற்றி வைத்தார்கள்.

வாயுவை வைத்துச் சாம்பலைக் கண்டுபிடிக்கலாமே? 2011-ல் ஐஸ்லாந்தின் இன்னொரு எரிமலையான கிரிம்ஸ்வாட்ன் வெடித்தபோது, உயரே போன கந்தக டை ஆக்சைடு பெரும்பாலும் வடக்கே போனது, கீழே இருந்த சாம்பல் தெற்கே போனது. செயற்கைக்கோளுக்கு வாயு சுலபமா தெரியும் என்பதற்காக அதை மட்டும் நம்பினால் அவ்வளவுதான்.

ஆகவே, சாம்பல் வரைபடத்தில் ஒற்றைக் கோடு போடாமல், குறைந்தபட்சம் இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு என்று விமானிக்கு வெளிப்படையாகச் சொல்லணும். பணத்தை முதலில் எரிமலைக்குப் பக்கத்தில் ராடார் வைக்கச் செலவிடணும். ஐஸ்லாந்து பிறகு கூடுதல் ராடார்கள் வைத்தது. ஆனால் 2025 நவம்பரில் டெல்லி வரை சாம்பல் மேகத்தை அனுப்பிய எத்தியோப்பியாவின் ஹேலி குப்பி எரிமலையைக் கவனிக்க, பெரும்பாலும் செயற்கைக்கோள்களைத்தான் நம்ப வேண்டியிருந்தது.