56 ஆண்டுகள் கழித்து வீடு திரும்பிய வீரர்

குட்டி நண்பர்களே, ஒரு நிமிடம் கற்பனை செய்து பாருங்கள். வெளியூர் போன அப்பா, இரவு எட்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். மணி பத்தாகிவிட்டது. ஆளைக் காணோம், போனையும் எடுக்கவில்லை. அம்மா எத்தனை முறை வாசலுக்கும் வீட்டுக்கும் நடப்பார்? இரண்டு மணி நேரத்துக்கே இப்படி என்றால், 56 ஆண்டுகள் காத்திருந்த குடும்பத்தின் நிலை எப்படி இருந்திருக்கும்?

2024-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் கேரளாவில் ஒரு கிராமமே திரண்டு நின்று ஒரு ராணுவ வீரருக்கு இறுதி மரியாதை செலுத்தியது. அவர் இறந்தது 1968-இல். அப்போது அவருக்கு வயது 22. உடல் ஊர் வந்து சேர்ந்தபோது பெற்றோர் உயிருடன் இல்லை. முதுமை அடைந்துவிட்ட உடன்பிறந்தவர்கள்தான், இளைஞராகப் போன சகோதரரை வரவேற்றார்கள்.

இத்தனை ஆண்டுகள் அவர் எங்கே இருந்தார்?

விமானம் எங்கே போனது?

1968 பிப்ரவரி 7. சண்டிகரிலிருந்து லடாக்கில் உள்ள லே நகருக்கு விமானப்படையின் ஏஎன்-12 ரக விமானம் புறப்பட்டது. அதில் 102 பேர் இருந்தார்கள். லே பகுதியில் வானிலை மோசமாக இருந்ததால், விமானி பாதி வழியில் திரும்பிவிட முடிவு செய்தார். இமாசலப் பிரதேசத்தின் ரோதங் கணவாய்ப் பகுதியில் வந்தபோது தொடர்பு அறுந்தது. அவ்வளவுதான்!

தேடினார்கள், கிடைக்கவில்லை. எங்கு பார்த்தாலும் வெள்ளைப் பனி. அதன்மேல் புதுப்பனி விழுந்துகொண்டே இருந்தால் எதைப் பார்ப்பது?

35 ஆண்டுகள் கழித்து, 2003-இல்தான் முதல் தடயம் கிடைத்தது. மணாலியில் உள்ள மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் சந்திரபாகா மலைத்தொடரில் ஏறியபோது, விமானத்தின் உடைந்த பாகங்களைக் கண்டார்கள். அதன்பின் ராணுவம் பலமுறை மலையேறித் தேடியது. 2019 வரை 5 உடல்கள் கிடைத்தன. 2024 செப்டம்பரில் மேலும் 4 உடல்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்றுதான் கேரள வீரருடையது.

பனி காத்த உடல்

இத்தனை காலம் உடல் எப்படி அழியாமல் இருந்தது என்ற கேள்வி உங்களுக்கு வந்திருக்கும். வீட்டில் மீன், பால் எல்லாவற்றையும் ஃபிரிட்ஜில் வைக்கிறோம் அல்லவா? அதே காரணம்தான். பொருட்களை அழுகச் செய்யும் நுண்ணுயிரிகள் கடுங்குளிரில் வேலை செய்ய முடியாது.

சரி, இப்போது மட்டும் எப்படி வெளியே தெரிந்தது? மலையில் இறுகிக் கிடக்கும் பனி அசையாமல் இருப்பதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அது மிக மிக மெதுவாகக் கீழ்நோக்கி நகர்கிறது. அதனால்தான் அதற்குப் பனியாறு என்று பெயர். அப்படி நகரும்போது உள்ளே புதைந்ததையும் இழுத்துக்கொண்டு வருகிறது. பூமி சூடாகி வருவதால் இமயமலையின் பனியாறுகள் வேகமாக உருகியும் வருகின்றன. பனியாறுகள் உருகுவது நம் நதிகளுக்குக் கெட்ட செய்தி. ஆனால் அதே உருகல்தான் புதைந்து கிடப்பவர்களையும் மெல்ல வெளியே காட்டுகிறது.

இவர்தான் என்று எப்படித் தெரியும்?

2024-இல் கிடைத்தவர்களில் மூன்று பேரை, அவர்களிடம் இருந்த காகிதங்களே அடையாளம் காட்டின. ஒருவருடைய பையில் இருந்த சீட்டு, இன்னொருவரின் சம்பளப் புத்தகம்! சாதாரணத் தாள்தான். ஆனால் அரை நூற்றாண்டுக்குப் பிறகு அது பேசியது.

2022-இல் சியாச்சின் பனியாற்றில் கிடைத்த வீரரை, ராணுவ எண் பொறித்த உலோக வில்லை அடையாளம் காட்டியது. அவர் 1984-இல் பனிச்சரிவில் சிக்கியவர். அப்போது சிறுமிகளாக இருந்த அவருடைய இரண்டு மகள்களும் 38 ஆண்டுகள் கழித்து அப்பாவுக்கு விடை கொடுத்தார்கள்.

காகிதமும் இல்லை, வில்லையும் இல்லை என்றால்? எலும்பிலிருந்தோ பல்லிலிருந்தோ மரபணுவை எடுத்து, உறவினர்களின் மரபணுவோடு ஒப்பிடுவார்கள். தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு வரும் ஒருவகை மரபணு உண்டு. ஆகவே வீரருடைய அக்காவின் பிள்ளைகள்கூட உதவ முடியும்.

எப்போதும் பெயர் கிடைத்துவிடும் என்று சொல்ல முடியாது. 2016-இல் பிரான்சில் மண்ணைத் தோண்டியபோது, முதல் உலகப் போரில் இறந்த இரண்டு இந்திய வீரர்களின் எச்சங்கள் கிடைத்தன. தோளில் இருந்த சின்னத்தை வைத்து அவர்கள் கர்வால் படைப்பிரிவினர் என்று தெரிந்தது. பெயர் தெரியவில்லை. அடுத்த ஆண்டு அங்கேயே ராணுவ மரியாதையுடன் அடக்கம் செய்தார்கள்.

இவ்வளவு சிரமம் தேவையா?

விமானம் கிடந்த இடம் ஏறக்குறைய 16,000 அடி உயரம். அங்கே மூச்சு விடுவதே கஷ்டம். பனிக்கு அடியில் மறைந்திருக்கும் பிளவில் கால் வைத்தால் ஆளையே விழுங்கிவிடும். 'இறந்தவரைத் தேடி, உயிரோடு இருப்பவர்கள் ஏன் ஆபத்தில் இறங்க வேண்டும்?' என்று யாராவது கேட்டால், அது நியாயமான கேள்விதான்.

இதற்கு இரண்டு பதில்கள் உண்டு. முதலாவது, குடும்பம். உடலைப் பார்க்காதவரை 'எங்காவது உயிரோடு இருப்பாரோ' என்ற எண்ணம் போகாது. அழுது முடிக்கவும் முடியாது, நம்பிக்கையோடு இருக்கவும் முடியாது. 2024-இல் திரும்பி வந்த இன்னொரு வீரருக்கு மனைவியும் இல்லை, மகனும் இல்லை, இருவருமே இறந்துவிட்டிருந்தார்கள். தாத்தாவை ஒருமுறைகூடப் பார்த்திராத பேரன்கள்தான் இறுதிச் சடங்கு செய்தார்கள். அந்தக் குடும்பத்தில் மூன்றாம் தலைமுறைக்குத்தான் பதில் கிடைத்தது.

இரண்டாவது, இன்றைய வீரர்கள். 'எனக்கு ஏதாவது ஆனால், எத்தனை வருடமானாலும் என்னைத் தேடி வருவார்கள்' என்ற நம்பிக்கையோடுதான் ஒரு வீரர் எல்லைக்குப் போகிறார். நாடு அவரிடம் உயிரையே கேட்கிறது. பதிலுக்கு அவரை மறக்காமல் இருப்பதாவது நாட்டின் கடமை இல்லையா?

ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். விமானத்தில் இருந்தவர்கள் 102 பேர். 2024 வரை கிடைத்தவர்கள் 9 பேர். மீதி எத்தனை?

93 என்று சரியாகச் சொல்லியிருப்பீர்கள். அந்த 93 பேருக்கும் ஒரு வீடு உண்டு. அங்கே சுவரில் ஒரு பழைய புகைப்படம் இருக்கலாம். "இவர் யார்?" என்று உங்களைப் போன்ற ஒரு பேத்தியோ பேரனோ அதைக் காட்டிக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.